எட்டும் இடத்தில் ஒரு பிடி



திருவண்ணாமலைப் பெண்கள் என்றால் நாள்தோறும் மலை ஏறி இறங்குபவர்கள் என்று வெளியூர் உறவினர் சிலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உண்மை அதுவன்று. நம் ஊரில் மலையைச் சுற்றுவதுதான் வழக்கம், ஏறுவது அன்று. பௌர்ணமிதோறும் மக்கள் கூட்டம் கூட்டமாக 14 கிலோமீட்டர் நடந்து மலையை வலம் வருகிறது. ஏறத்தாழ 800 மீட்டர் உயரமுள்ள அம்மலையோ காப்புக் காடு. நினைத்தபோது ஏறிவிட முடியாது. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள் பெருமழையில் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் வீட்டின் மேல் விழுந்து ஏழு உயிர்களைக் கொண்டுபோனதை நாம் யாரும் மறக்கவில்லை. அவ்வாண்டு தீபத்தன்றும் பொதுமக்கள் மலை ஏற அனுமதிக்கப்படவில்லை. மலை வணங்குவதற்குரியது, விளையாடுவதற்குரியது அன்று என்று பெரியவர்கள் சொல்வதை நாங்கள் மறுக்கவும் இல்லை.

ஆனால் ஏற வேண்டும் என்ற ஆசை கைகால்களுக்கு இருக்கிறதே, அதை என்ன செய்வது? அதற்காக வீட்டுக்குள்ளேயே ஒரு பலகை செய்துகொண்டோம். சாய்ந்து நிற்கும் பலகை, அதில் மரப் பிடிகள், கீழே மெத்தை. அந்தப் பலகை எப்படி உருவாயிற்று, அது எங்களுக்கு என்ன கற்றுக்கொடுத்தது என்பதையே இங்கு எழுதுகிறோம்.

‘நாங்கள்’ என்றால் யார் என்று கேட்பீர்கள். அக்காள் தங்கை இருவர். சித்தி மகள் ஒருத்தி. பதினொன்றாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு. மூத்தவளின் உயரம் 5 அடி 4 அங்குலம். கடைக்குட்டியான சித்தி மகளின் உயரம் 4 அடி 4 அங்குலம். இந்த ஓரடி வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

2024-இல் பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளைத் தொலைக்காட்சியில் பார்த்தபோதுதான் ‘ஸ்போர்ட் கிளைம்பிங்’ எனப்படும் சுவர் ஏறும் விளையாட்டு எங்களுக்கு அறிமுகமாயிற்று. ஒலிம்பிக்கில் அது முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது 2021-இல் நடந்த டோக்கியோ போட்டியில். பாரிசில் போலந்து நாட்டு வீராங்கனை அலெக்சாண்ட்ரா மிரோஸ்லாவ் 15 மீட்டர் சுவரை 6 விநாடியை ஒட்டிய நேரத்தில் ஏறித் தங்கம் வென்றார். நம் ராஜகோபுரத்தின் உயரம் 66 மீட்டர். அதில் ஏறக்குறைய கால் பங்கு உயரத்தை, நாம் ஒன்றிலிருந்து ஆறு வரை எண்ணி முடிப்பதற்குள் ஒரு பெண் ஏறிவிட்டாள்! எங்கள் வீட்டு ஆயா, “மறுபடியும் போடச் சொல்லு, நான் சரியாப் பார்க்கலை” என்றார்.

ஆனால் எங்கள் மனத்தில் பதிந்தது அந்தத் தங்கம் அன்று. மற்றொரு பிரிவின் இறுதிப் போட்டியில் ஜப்பான் நாட்டு ஐ மோரி என்னும் பெண் பங்கேற்றார். அவர் உயரம் 154 சென்டிமீட்டர். அதாவது ஐந்தடிக்கு ஓர் அங்குலம் கூட. ஒரு பாதையில் தொடங்கும் பிடியே அவர் கைக்கு எட்டவில்லை. எம்பினார், எட்டவில்லை. மறுபடியும் எம்பினார், எட்டவில்லை. நேரம் முடிந்தது. அந்தப் பாதையில் அவருக்கு ஒரு மதிப்பெண்ணும் கிடைக்கவில்லை. பிறகு நடந்த உயரச் சுவர்ச் சுற்றில் எல்லாரையும்விட அதிக மதிப்பெண் பெற்றவர் அவரேதான். மொத்தக் கணக்கில் நான்காம் இடம் கிடைத்தது. முதலிடம் ஸ்லோவேனியா நாட்டு யான்யா கார்ன்பிரட்டுக்கு.

எங்கள் கடைக்குட்டி தொலைக்காட்சியை அணைத்துவிட்டாள். ஒரு விளையாட்டுத் தேர்வில் உயரம் போதாது என்று இரண்டு முறை திரும்பி வந்தவள் அவள். “எட்டாத இடத்துல வெச்சுட்டு எம்பு எம்புன்னா எப்படி?” என்றாள். அதற்குப் பின் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுப்பதில்லை என்று நின்றுவிட்டாள். எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. “அப்படியானால் எட்டும் இடத்தில் பிடி வைத்த சுவரை நாமே செய்வோமா?” என்று மூத்தவள் ஒரு நாள் கேட்டாள். பலகையின் கதை அன்று தொடங்கியது.

முதலில் நூல்களிலும் படங்களிலும் தேடிப் படித்தோம். இவ்வகைப் பயிற்சிப் பலகைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. ஜெர்மனியில் வோல்ஃப்காங் குல்லிக் என்பவர் 1988-இல் நியூரம்பர்க் நகரில் சாய்ந்த பலகையில் மரக்கட்டைகளைப் பதித்து, கால் வைக்காமல் கையாலேயே ஏறிப் பயின்றார். பின்னர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரைச் சேர்ந்த பென் மூன், 40 பாகை சாய்வும் வரிசை வரிசையான துளைகளும் கொண்ட ஒரு பலகையை வடிவமைத்தார். எந்த ஊரில் செய்தாலும் அதே அளவு, அதே பிடி, அதே இடம். ஷெஃபீல்டில் ஒருவர் ஏறிய பாதையை வேறு கண்டத்தில் இருப்பவரும் அப்படியே முயன்று பார்க்கலாம். 40 பாகை எங்களுக்குத் தாங்காது. ஆகவே 25 பாகை என்று முடிவு செய்தோம்.

பத்தாம் வகுப்பில் படித்த முக்கோணவியல் இதற்கு உதவும் என்று யார் கண்டது? எட்டடிப் பலகையை நேர்க்குத்திலிருந்து 25 பாகை முன்னால் சாய்த்தால், உயரம் சுமார் ஏழேகால் அடி. முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது சுமார் மூன்றரை அடி. அடியில் கால் வைக்க ஓரடி உயர நேர்ப்பலகை. ஆக மொத்தம் எட்டேகால் அடி. எங்கள் பின்கட்டு அறையின் கூரை பத்தடி. இடம் சரியாயிற்று.

அடுத்து வந்தது பெரிய தடை. நாங்கள் குடியிருப்பது வாடகை வீடு. வீட்டுக்காரப் பெரியவர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: “செவுத்துல ஒரு ஆணி இறங்கக் கூடாது.” அப்பாவும் தம் பங்குக்கு ஒரு கேள்வி வைத்தார்: “ஏறுறது சரிம்மா. விழுந்தா?” இந்த இரண்டுக்கும் விடை எழுதிக்கொண்டு வந்தால்தான் பணம் என்றார்.

முதலாவதற்கு விடை, சுவரைத் தொடாமல் தன் காலிலேயே நிற்கும் சட்டம். தெருக்கோடியில் தச்சு வேலை செய்யும் ஆசாரித் தாத்தா அதற்கு வழி சொன்னார். தரையில் முன்னோக்கி ஆறடி நீளச் சட்டங்கள் இரண்டு. அவற்றின் மேல் எட்டடி இடைவெளியில் இரண்டு தூண்கள். தூண்களின் தலையில் குறுக்கே இரட்டைச் சட்டம். அதன் மேல் பலகையின் மேல் விளிம்பு சாய்ந்து நிற்கும். பலகையின் அகலம் நான்கடிதான். தூண்களை எட்டடி தள்ளி வைத்தது, விழுபவர் தூணில் மோதாமலிருக்க. பக்கவாட்டில் மூலைச் சட்டங்கள் கொடுத்ததால் ஆட்டமில்லை. எல்லா மூட்டுகளும் போல்ட்டுதான், ஆணி கிடையாது. “இழுத்து இழுத்துத் தொங்குற இடத்துல ஆணி நாளடைவுல கழண்டுக்கும். போல்ட்டுன்னா இறுக்கிக்கலாம். வீடு மாறினா பிரிச்சு எடுத்துட்டும் போகலாம்” என்றார் தாத்தா. இதைக் கேட்ட வீட்டுக்காரப் பெரியவர் முகத்தில் முதன்முறையாக ஒரு சிரிப்பைக் கண்டோம்.

பணத்துக்கு என்ன செய்தோம்? 2024 தீபாவளிக்கு மூவரும் புதுத்துணி வேண்டாமென்று அந்தத் தொகையைக் கேட்டு வாங்கிக்கொண்டோம். 2025 பொங்கலுக்குப் பெரியவர்கள் கொடுத்த காசையும் உண்டியலில் போட்டோம். எட்டுக்கு நான்கடி, 18 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்று 3,500 ரூபாய். பழைய வீடு பிரித்த மரம் விற்கும் கடையில் நாலுக்கு ரெண்டு சட்டங்கள் 2,500 ரூபாய். போல்ட்டு நட்டு வகைகள் 1,800 ரூபாய். சோபா தைக்கும் கடையில் நுரை மெத்தை 3,000 ரூபாய். தாத்தாவின் இரண்டு நாள் கூலி 2,400 ரூபாய். கூட்டினால் 13,200 ரூபாய். குறைந்ததை அப்பாவும் சித்தப்பாவும் பகிர்ந்துகொண்டனர்.

2025 கோடை விடுமுறையில் வேலை தொடங்கியது. பலகையில் 20 சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் குறுக்கே ஆறு, நெடுக்கே பன்னிரண்டு, மொத்தம் 72 துளைகள் போட்டோம். ஒவ்வொரு துளையிலும் பின்புறமிருந்து ஒரு டி-நட்டு அடித்தோம். டி-நட்டு என்பது தட்டையான தொப்பி வைத்த மரைக்குழாய். தொப்பியில் சிறு பற்கள் இருக்கும். பின்புறம் அடித்துவிட்டால், முன்புறமிருந்து போல்ட்டை முறுக்க முறுக்க அது மரத்தை மேலும் கடித்துப் பிடிக்கும். பிடியில் நாம் தொங்கினாலும் பிடுங்கிக்கொண்டு வராது. முன்புறம் அடித்தால் கையோடு வந்துவிடும். பலகையைச் சட்டத்தில் ஏற்றுவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும்.

பிடிகளைக் கடையில் வாங்கவில்லை. தாத்தா வேப்பமரத் துண்டுகளை வெட்டிக் கொடுத்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது நாங்கள். மரப்பிடி தோலைக் கிழிக்காது. ஆனால் ஒரு சிராய்கூட இருக்கக் கூடாது. கூர்மையான ஓரங்களை எல்லாம் உருட்டினோம். விரல் முழுவதும் உள்ளே போவதற்கு ‘வாளிப்பிடி’ என்று பெயர் வைத்தோம். விரல் நுனி மட்டும் நிற்பது ‘விளிம்பு’. உள்ளங்கையை அழுத்தி நிற்க வேண்டியது ‘வழுக்கை’. கட்டைவிரலையும் மற்ற விரல்களையும் சேர்த்துப் பிடிப்பது ‘கிள்ளு’. ஒவ்வொரு பிடியிலும் ஒரு போல்ட்டுடன் ஒரு திருகாணியும் உண்டு. இல்லையென்றால் தொங்கும்போது பிடி சுழன்றுவிடும். பலகை நின்றதும் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே நேரத்தில் மேல் சட்டத்தில் தொங்கிக் குலுக்கிப் பார்த்தார்கள். எதிர்வீட்டாரெல்லாம் வந்து சிரித்தார்கள். சட்டம் முனகவில்லை.

இனி அப்பாவின் கேள்வி: விழுந்தால்? இதற்கு நாங்கள் எழுதிக் கொடுத்த விடை மூன்று வரிதான். ஒன்று, பலகைக்கு முன்னால் எட்டடிக்கு எட்டடி மெத்தை. மேலே கெட்டி நுரை, கீழே மெத்தென்ற நுரை. கெட்டி நுரை விழும் பாரத்தைப் பரப்பும். மெத்தென்ற நுரை அதை வாங்கிக்கொள்ளும். மேலே மெத்தென்று இருந்தால் கால் புதைந்து கணுக்கால் சுளுக்கிவிடும். இரண்டு, ஒரு நேரத்தில் ஒருத்தி மட்டுமே ஏறுவது. மெத்தையில் வேறு ஆளோ பொருளோ இருக்கக் கூடாது. மூன்று, முதல் வாரம் முழுவதும் ஏறக் கூடாது. விழுந்து மட்டும் பழக வேண்டும்.

ஆம், தோழியரே! ஒரு வாரம் நாங்கள் விழுந்தோம். உடற்கல்வி ஆசிரியை சொல்லிக்கொடுத்தபடி, முதலில் ஓரடி உயரத்திலிருந்து, பிறகு இரண்டடி, பிறகு மூன்றடி. இரண்டு காலும் ஒன்றாகத் தரையில் படவேண்டும். முழங்காலை மடக்க வேண்டும். கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டு முதுகுப்பக்கம் உருள வேண்டும். கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். மோதிரம், வளையல் கூடாது. பிடியில் மோதிரம் மாட்டினால் விரலுக்கே ஆபத்து. தலைமுடியை இறுக்கி முடிய வேண்டும். துப்பட்டா அறைக்கு வெளியே. ஏழாம் நாள் அப்பா வந்து, மூவரும் விழுவதைப் பார்த்துவிட்டு, “இனிமே ஏறுங்க” என்றார்.

ஏறத் தொடங்கிய பத்து நாளில் உள்ளங்கை காய்த்தது. தெருவில் ஒரு அத்தை எங்கள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு அம்மாவிடம், “பொம்பளப் புள்ளைங்க கை இப்படியா இருக்கும்? நாளைக்குப் பொண்ணு பார்க்க வர்றவங்க என்ன சொல்லுவாங்க?” என்றார். அம்மா பேசாமல் நின்றார். பலகை அன்றோடு போயிற்று என்றே நினைத்தோம். கட்டிலில் படுத்திருந்த ஆயா எழுந்து வந்து தம் இரண்டு கையையும் அந்த அத்தையின் முன் விரித்தார். இளமையில் மலைப்பக்கம் விறகு சுமந்த கை. அறுபது வயது வரை நிலக்கடலைக் காட்டில் களை எடுத்த கை. “இந்தக் கையை யாரும் வேணாம்னு சொல்லலியே! வேலைக்குக் காய்ச்சா சரி, விளையாட்டுக்குக் காய்ச்சா தப்பா?” என்றார். அத்தை காபி குடித்துவிட்டுப் போனார். அம்மா மறுநாள் எங்கள் கைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டார்.

ஆர்வம் இருக்கிறதென்று அளவு மீறவும் கூடாது. அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரி எங்களுக்கு ஒன்றை விளக்கினார். விரல்களை மடக்கும் தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. நாண்கள் வழியாகவே அவை விரலை இழுக்கின்றன. தசை சில வாரங்களில் வலுக்கும். நாண் வலுக்க மாதக்கணக்கில் ஆகும். அதோடு எங்கள் வயதில் விரல் எலும்புகளின் வளர்ச்சித் தட்டுகள் இன்னும் மூடியிருக்காது. அங்கே அளவுக்கு மீறி இழுத்தால் எலும்பே விரிசல் காணும். ஆகவே குல்லிக் செய்ததுபோல் கால் வைக்காமல் தாவும் பயிற்சி எங்களுக்கு இல்லை. எப்போதும் கால் பலகையில் இருக்கும். வாரத்தில் மூன்று நாள். விடியற்காலை வெயிலுக்கு முன் அரை மணி. விரல் மூட்டு வலித்தால் அன்று விடுமுறை. கை வியர்த்தால் கரும்பலகைச் சாக்குக்கட்டி உதவாது. ஏறுபவர்கள் பூசுவது மக்னீசியம் கார்பனேட் தூள். உடற்பயிற்சி வீரர்களிடமிருந்து அதைப் பாறையேற்றத்துக்குக் கொண்டுவந்தவர் 1950-களில் அமெரிக்காவின் ஜான் கில்.

இனி, எங்கள் பலகையின் முக்கியமான சட்டத்தைச் சொல்ல வேண்டும். நெடுவரிசைகளுக்கு அ, ஆ, இ, ஈ, உ, ஊ என்றும், குறுக்கு வரிசைகளுக்கு 1 முதல் 12 வரையும் பெயரிட்டோம். இ3, ஈ6, ஆ8, உ12 என்று நோட்டில் எழுதினால் அது ஒரு பாதை. ஆங்கிலத்தில் இதனை ‘பிராப்ளம்’ என்கிறார்கள். எங்களுக்கு அது ‘கணக்கு’. ஒரு கணக்கை நோட்டில் ஏற்றுவதற்கு முன் கடைக்குட்டி வந்து நிற்பாள். அவள் கைக்கு அடுத்த பிடி எட்டவில்லையென்றால், பிடியைத் தாழ்த்த மாட்டோம். நடுவில் ஒரு சிறு கால்படி சேர்ப்போம். அவள் காலை உயரத் தூக்கி வைத்து, அதன்மேல் எழுந்து, பிடியைத் தொடவேண்டும். எளிதாக்குவது அன்று இது, வழி வைப்பது.

இதனால் ஒரு வேடிக்கை நடந்தது. கால்படி சேர்த்த கணக்குகளை நீளமான கைகால் உடைய மூத்தவளால் சில சமயம் போட முடியவில்லை. உயர்ந்த கால்படியில் அவள் முழங்கால் மடங்கி நெஞ்சில் இடிக்கிறது; இடுப்பு பலகையைவிட்டு விலகுகிறது; பாரமெல்லாம் கைக்கு வந்து விழுகிறாள். கடைக்குட்டியோ பல்லிபோல் பலகையோடு ஒட்டிக்கொண்டு போகிறாள். அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் எல் கேப்பிட்டன் என்னும் ஏறத்தாழ 900 மீட்டர் பாறைச் சுவர் இருக்கிறது. அதன் ‘நோஸ்’ பாதையைக் கயிற்றை இழுத்து ஏறாமல், பாதுகாப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, தன் கைகாலாலேயே ஏறிய முதல் ஆள் 1993-இல் லின் ஹில் என்னும் பெண். ஆண் பெண் இருபாலாரிலும் அவரே முதல்வர். அவர் உயரம் 5 அடி 2 அங்குலம். இதை எழுதி அறைக் கதவில் ஒட்டியவள் கடைக்குட்டிதான்.

ஜூலை மாதம் அவளே ஒரு கணக்கு அமைத்தாள்: அ2, ஈ4, ஆ7, உ9, இ12. பதினொரு நாள் முயன்றாள். மற்ற இருவராலும் இன்றுவரை போட முடியாத அந்தக் கணக்கை அவள் முடித்து, மேல் சட்டத்தை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, “எட்டிடுச்சு!” என்று கத்தினாள். பிறகு சொல்லிக்கொடுத்தபடி முழங்காலை மடக்கி விழுந்தாள். ஆகஸ்டில் பள்ளி விளையாட்டு விழாவுக்கு அவள் தானாகவே பெயர் கொடுத்தாள். வென்றாளா என்று கேட்காதீர்கள். ஓட்டத்தில் ஐந்தாவது வந்தாள். பெயர் கொடுத்தாள் என்பதே எங்கள் வீட்டில் செய்தி.

ஆயா ஒரு நாள், “எல்லாருக்கும் வெச்சீங்க, எனக்கு ஒண்ணும் இல்லையா?” என்று கேட்டார். பக்கத்துத் தூணில், மெத்தைக்கு வெளியே, அவர் கட்டிலுக்கு அருகில், ஒரு வாளிப்பிடியை மார்பளவு உயரத்தில் பொருத்தினோம். கட்டிலிலிருந்து எழும்போது அதைப் பிடித்துக்கொண்டு எழுகிறார். எங்கள் பிடிகளிலேயே மிகுதியாகப் பயன்படுவது அதுதான்.

தோழியரே! வீட்டுக்கு வீடு இப்படிப் பலகை செய்யுங்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. இடமும் பணமும் பொறுமையுள்ள பெரியவர்களும் வாய்க்க வேண்டும். ஆனால் நம்மில் ஒவ்வொருத்திக்கும் ஏதாவது ஒரு நாள் பிடி வைக்கும் பொறுப்பு வரும்: வகுப்புத் தலைவியாக, அணித் தலைவியாக, நாளை ஆசிரியையாக, தாயாக. ஒருத்திக்கு எட்டவில்லையென்றால் அவளை அளப்பதற்கு முன் பிடியை யார், யாரை நினைத்து, எங்கே வைத்தார் என்று பாருங்கள். உயரத்தைக் குறைக்க வேண்டாம். நடுவில் ஒரு கால்படி வையுங்கள். கீழே மெத்தை போட மறக்காதீர்கள்.

— பதினொன்றாம், ஒன்பதாம், ஏழாம் வகுப்பு மாணவியர் மூவர்